பணம் கொடுக்கும் தேதி

அன்புள்ள கயலுக்கு,

கம்பெனியின் பர்ச்சேஸ் முழுக்க இனி உன் கையில் என்று எழுதியிருந்தாய். விலை பேச உனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். சிறு சப்ளையர்களுக்கு அநியாயம் அதிகம் நடப்பது விலை முடிந்த பிறகு, பணம் கொடுக்கும் தேதியில். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு சிஎன்சி மெஷின் வைத்திருக்கும் ஒருவர் உங்களுக்கு 2,00,000 ரூபாய்க்கு புஷ் என்ற இயந்திரப் பாகம் கடைந்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 2,36,000. நீங்கள் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த மாதம் அந்த 36,000-க்கு அவர் கணக்குக் காட்டியாக வேண்டும். கம்பி வாங்கும்போது கட்டிய வரிக்குக் கிடைக்கும் கழிவு, அதாவது கிரெடிட், போக மீதியைக் கைக்காசில் கட்டுவார். அவர் ரிட்டர்ன் போட்டதும் உங்கள் கம்பெனி அதே 36,000-ஐ இன்புட் கிரெடிட்டாக எடுத்துத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். அவருக்கோ இன்னும் ஒரு பைசா வந்திருக்காது.

சனிக்கிழமை கூலி, இ.பி. பில், கம்பிக்கடை பாக்கி எதுவும் காத்திருக்காது. ரெண்டு வட்டிக்கு வெளியே வாங்கினால் 2,36,000-க்கு மாதம் 4,720. அந்த ஆர்டரில் அவருக்கு 5 சதவீதம் நின்றால் 10,000. நீங்கள் இரண்டு மாதம் தள்ளினால் வட்டியே 9,440 போய்விடும். விலையில் கை வைக்காமலே அவருடைய லாபத்தை எடுத்துக்கொண்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் (எம்எஸ்எம்இ) சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. விகிதம் 6 என்றால் வட்டி 18 சதவீதம். அந்த வட்டியை வருமான வரியில் செலவாகவும் கழிக்க முடியாது.

இந்தக் கெடுவை ஏமாற்றும் இடம் ஜிஆர்என், அதாவது சரக்கு பெற்றுக்கொண்டதாக நீங்கள் போடும் சீட்டு. லாரி 3-ஆம் தேதி கேட்டில் முத்திரை வாங்கியிருக்கும். தரப் பரிசோதனை (க்யூசி) முடியவில்லை என்று சொல்லி 28-ஆம் தேதி ஜிஆர்என் போடுவார்கள், 45 நாளை அங்கிருந்து எண்ணுவார்கள். சட்டப்படி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் சரக்கு வந்து இறங்கிய நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஆகவே சிஸ்டத்தில் கெடுவை கேட் என்ட்ரி தேதியிலிருந்து ஓடவிடச் சொல். 500 பீஸில் 12 பீஸ் அளவு தவறியிருந்தால் அந்த 12-க்கு மட்டும் டெபிட் நோட் போட்டுத் தொகையைக் கழி, பில் முழுவதையும் நிறுத்தாதே. சிறு நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எண்ணை வெண்டார் மாஸ்டரில், அதாவது சப்ளையர் பட்டியலில் ஏற்றி, குறுவா சிறுவா என்று குறித்து வை.

தாமதமானால் புகார் கொடுக்க அரசின் இணையதளம் இருக்கிறது, விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல கவுன்சில் இருக்கிறது. தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் வாங்குபவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். இருந்தும் வியாபாரம் நடக்கும்வரை பலர் வாய் திறப்பதில்லை, அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். அவர் கேட்கவில்லை என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. கேட்க முடியாதவருடைய நியாயத்தை, ஆர்டர் கொடுக்கும் நாற்காலியில் இருக்கிறவர்தான் பார்க்க வேண்டும்.

2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைக் கொண்டுவந்தது: கெடு தாண்டி நிற்கும் தொகையை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம். நல்ல விதிதான். ஆனால் அதன் பிடி ஆண்டுக் கடைசியில்தான் இறுகும். மே மாதம் வந்த பில்லை மார்ச்சில் கொடுத்தாலும் வரியில் நஷ்டமில்லை.

முதல் வாரமே எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் ஏஜிங் ரிப்போர்ட் எடுத்து, சிறு சப்ளையர்களை மட்டும் தனியே பிரித்துப் பார். பைனான்ஸில் கையில் பணமில்லை என்றால், சிறு சப்ளையர்களின் பில்லை வைத்து வங்கிகள் பணம் தரும் ட்ரெட்ஸ் என்ற இணையதள ஏற்பாட்டைப் பற்றிக் கேள். விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் அதில் பதிந்தாக வேண்டும். பதிவோடு நிறுத்திவிடாமல் பில்களை உடனுக்குடன் ஏற்று ஒப்புக்கொண்டால், வங்கிகள் உங்கள் கம்பெனியின் தரத்தைப் பார்த்துக் குறைந்த வட்டியில் அவருக்கு முன்கூட்டியே பணம் தரும். அந்த வட்டியைக் கம்பெனியே ஏற்குமா என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா