மூன்று வயதில் கைமாறும் கோப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மாநிலத் துறைகளுக்கு உதவி என்றாலே கூடுதல் நிதியும் கூடுதல் பயிற்சி வகுப்பும்தான் என்பதுபோல முடிந்திருந்தது. இரண்டையும் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் பிள்ளைகள் விடுபட்டுப்போவது பெரும்பாலும் ஒரு துறையின் பதிவேடு முடிந்து இன்னொரு துறையின் பதிவேடு தொடங்கும் இடத்தில். அங்கே வகுப்பு எடுத்துப் பயனில்லை. கோப்பைப் பிரித்து உட்கார ஆள் வேண்டும்.

ஐடிஇஏ என்பது குறைபாடு உள்ள பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்க மத்தியச் சட்டம். அதன் பார்ட் சி (சி பிரிவு), பிறந்தது முதல் மூன்று வயது நிறையும் வரை உள்ள குழந்தைகளுக்கானது. மூன்று முதல் 21 வயது வரை பார்ட் பி. 1975-இல் வந்த மூலச் சட்டத்தில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை. 1986 திருத்தம்தான் அவர்களைச் சேர்த்தது. அந்தத் தையல் இன்றும் தெரிகிறது. பார்ட் பி மாநிலக் கல்வித் துறையின் பொறுப்பு. பார்ட் சி-யை எந்தத் துறைக்குக் கொடுப்பது என்பது மாநிலத்தின் முடிவு. நியூயார்க்கில் சுகாதாரத் துறை, கலிஃபோர்னியாவில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்கான சேவைத் துறை, மேரிலாந்தில் கல்வித் துறை. ஆகவே பல இடங்களில் ஒரே குழந்தைக்கு இரண்டு மென்பொருள், இரண்டு எண்.

மார்ச் 10 அன்று மூன்று வயது நிறையும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன், அதாவது டிசம்பர் 10-க்குள், பார்ட் சி பிரிவு மாநிலக் கல்வித் துறைக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் தகவல் அனுப்ப வேண்டும். பெற்றோர் சம்மதித்தால், பார்ட் சி-யிலிருந்து அடுத்த சேவைக்குப் போவதைத் திட்டமிடும் மாறுதல் கூட்டமும் அதற்குள் நடந்துவிட வேண்டும். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை அனுப்பத் தனிச் சம்மதம் தேவையில்லை. மதிப்பீட்டு அறிக்கையை அனுப்பத் தேவை. இந்த வித்தியாசம் தெரியாமல், சம்மதக் கையெழுத்து வரட்டும் என்று தகவலையே நிறுத்திவைக்கும் அலுவலகங்கள் உண்டு. நாள் தவறுவது அங்கேதான். தகவல் பகிர வேண்டாம் என்று பெற்றோர் மறுக்கும் வாய்ப்பைச் சில மாநிலங்கள் தருகின்றன; அதையும் சம்மதத்தையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கோடையில் பிறந்த பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். ஜூலை மாதப் பிறந்தநாள் என்றாலும் ஐ.இ.பி. (பார்ட் பி-யில் அந்தப் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) அதற்குள் தயாராகியிருக்க வேண்டும். சேவை எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை மட்டும் அந்தத் திட்டத்தை வகுக்கும் குழு முடிவு செய்யலாம். ஜூன் மாதம் வந்துவிட்டால் மதிப்பீடு செய்யும் பள்ளி உளவியலாளர் விடுமுறையில் போய்விடுவார். எனவே கோடைப் பிள்ளைகளின் பட்டியலை ஜனவரியிலேயே எடுத்துவிட வேண்டும். இதற்குத் தனி நிதி எதுவும் வேண்டாம். பிறந்த தேதியை வைத்து ஒரு வடிகட்டி போட்டால் போதும்.

மாநிலத் துறைக்கு உதவ வரும் குழு முதலில் செய்ய வேண்டிய வேலை இது: சென்ற ஆண்டு மூன்று வயது நிறைந்தவர்களின் பார்ட் சி பட்டியலை பார்ட் பி பட்டியலோடு ஒப்பிட்டு மூன்று கட்டாகப் பிரியுங்கள். தகுதி பெற்றவர்கள், தகுதி இல்லை என்று முடிவானவர்கள், கிடைக்கவே கிடைக்காதவர்கள். மூன்றாவது கட்டில்தான் உண்மையான வேலை இருக்கிறது. குடும்பம் இடம் மாறியதா, பெற்றோர் வேண்டாம் என்றார்களா, தகவலே போகவில்லையா, அல்லது பெயர்தான் பொருந்தவில்லையா? கடைசிக் காரணம் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அப்பா பெயர் ஓரிடத்தில் குடும்பப் பெயராகவும், இன்னோரிடத்தில் வெறும் இனிஷியலாகவும் ஏறியிருக்கும். பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். பார்ட் சி-யில் சேரும்போதே பள்ளி மாணவர் எண்ணையும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பார்ட் சி சேவைக்குள் நுழையும் இடத்துக்கும் ஒரு கெடு உண்டு. பரிந்துரை வந்த 45 நாட்களுக்குள் மதிப்பீடு முடிந்து முதல் ஐ.எஃப்.எஸ்.பி. (குழந்தைக்கும் குடும்பத்துக்குமான சேவைத் திட்டம்) கூட்டம் நடக்க வேண்டும். கணக்கு நாள்காட்டி நாட்களில். நவம்பர் 20 அன்று பரிந்துரை வந்தால் ஜனவரி 4-உடன் கெடு முடிகிறது. நடுவில் தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், புத்தாண்டு. குழந்தைக்கு உடல்நலமில்லை, குடும்பம் ஊரில் இல்லை என்பவை ஏற்கப்படும் காரணங்கள். தெரபிஸ்ட் கிடைக்கவில்லை என்பது ஏற்கப்படாது. இரண்டையும் ஒரே ‘தாமதம்’ கட்டத்தில் பதிந்தால், எதைச் சரிசெய்வது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் தமிழ் மட்டும் பேசும் குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளரை முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். 40-ஆவது நாளில் தேடினால் கிடைக்க மாட்டார். ஆங்கிலச் சோதனையை வரிக்கு வரி தமிழில் சொல்லி வாங்கும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. அந்தச் சோதனையின் அளவுகோல் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்து உருவானது. நிபுணரின் தொழில்முறைத் தீர்ப்பைக் கொண்டே தகுதி வழங்க விதி இடம் தருகிறது. சோதனையில் தகுதி பெற்ற குழந்தையை அதே தீர்ப்பைக் காட்டி வெளியே தள்ளவும் முடியாது.

இனி எண்கள். குழந்தையின் முன்னேற்றத்தை, சேரும்போதும் விலகும்போதும், பெரும்பாலான மாநிலங்களில் ஏழு புள்ளி அளவுகோலில் குறிக்கிறார்கள். பிறரோடு பழகுவது, அறிவும் திறனும் பெறுவது, தன் தேவையைத் தானே கவனிப்பது என்று மூன்று அளவீடுகள். 6, 7 என்றால் வயதுக்கேற்ற நிலை. நூறு பிள்ளைகள் விலகியதாகக் கொள்வோம். முன்னேற்றம் இல்லாதவர் 2, முன்னேறியும் சகவயதினரை நெருங்காதவர் 20, நெருங்கியவர் 18, எட்டிப்பிடித்தவர் 30, தொடக்கத்திலிருந்தே வயதுக்கேற்ற நிலையில் இருந்தவர் 30. பின்தங்கிச் சேர்ந்த 70 பேரில் வேகம் கூடியவர்கள், அதாவது நெருங்கியவரும் எட்டிப்பிடித்தவரும், 48 பேர், 68.6 சதவீதம். எட்டிப்பிடித்தவர்களில் பத்துப் பேருக்குச் சேரும்போதே தாராளமாக 6 போட்டிருந்தால்? அவர்கள் கடைசி வகைக்குப் போய்விடுவார்கள். கணக்கு 60-க்கு 38 ஆகி, 63.3 சதவீதத்துக்கு இறங்கும். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், கற்றுக்கொண்டதும் அதேதான். அறிக்கையில் மட்டும் திட்டம் சரிந்திருக்கும். மாநிலம் அதை நம்பிப் புதுப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கிவிடும்.

இதைப் பிடிப்பது எளிது. வளர்ச்சியில் தாமதம் என்று சொல்லிச் சேர்த்த குழந்தைக்கு மூன்று அளவீட்டிலும் 6, 7 என்றிருந்தால் கோப்பைத் திறந்து பாருங்கள். சேரும்போது 3, விலகும்போது 5, ஆனால் ‘புதிதாக ஏதும் கற்கவில்லை’ என்ற குறிப்பு இருந்தால் அது நடக்கவே முடியாத பதிவு. மென்பொருளே மறுத்திருக்க வேண்டும்.

எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் இருக்கிறது. சிறப்புக் கல்வி பெறும் மாணவர் விகிதத்துக்கு 8.5 சதவீதம் என்று 2004-இல் ஓர் அளவு வைத்தார்கள். தேவைப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காணத் தவறியதாக 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை அந்த மாநிலத்தின் மீது முடிவு அறிவித்தது. விகிதம் குறையக் குறைய மாவட்டங்களின் அறிக்கை அழகாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த கட்டுரை எழுதுபவர், எந்த மாநிலத்திலாவது அந்த மூன்றாவது கட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வித் தரவுப் பணியில் உள்ள ஒரு வாசகர்