செயலாளரின் ஆண்டறிக்கை 2024: மேட்ரிக் பிள்ளைகளும் கல்லூரி விண்ணப்பமும்

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மூத்த உறுப்பினர்களுக்கும், பின்வரிசையில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நம் சங்கம் 2024-ல் செய்த வேலைகளின் அறிக்கை இது. ஆங்கிலப் பிரதி வாசல் மேசையில் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தைப்பூசக் காவடிக்குப் போனவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுத்தோம். சித்திரைப் பிறப்பு, புரட்டாசி சனிக்கிழமை பூஜைகள், தீபாவளி எல்லாம் குறையில்லாமல் நடந்தன. தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது, மேட்ரிக் என்கிற பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு நடந்துகொண்டிருந்த சமயம். அதனால் ஒலிபெருக்கியை இரவு எட்டு மணிக்கே நிறுத்தினோம். சிலருக்கு வருத்தம்தான். மண்டபக் கூரை இன்னும் ஒழுகுகிறது, அதைப் பொருளாளர் பேசுவார். தமிழ் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் குறைவு, ஆனால் வகுப்பு நிற்கவில்லை.

மற்ற நேரம் முழுவதையும், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களுக்கு உதவ மண்டபத்தில் போட்ட கல்வி உதவி மேசை எடுத்துக்கொண்டது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

2024 ஜனவரியில் மேட்ரிக் முடிவு வந்த வாரம், சில பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார்கள், ஆனால் எங்குமே விண்ணப்பிக்கவில்லை. "ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்னு இருந்தோம்" என்றார்கள் எல்லாரும். இந்தப் பழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. தேர்வு முடிவு வந்த பிறகுதான் கல்லூரி என்று நினைக்கிறோம். இந்த நாட்டில் முடிவு வரும்போது இடங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். பல்கலைக்கழகங்கள் பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே நிபந்தனையுடன் இடம் கொடுத்து வைக்கின்றன. ஜனவரியில் வருகிற மதிப்பெண், அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கத்தான்.

குவாசூலு-நட்டாலில் நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் சி.ஏ.ஓ. என்கிற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும்: குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மங்கோசுத்து, சூலுலாந்து. கடைசித் தேதி செப்டம்பர் 30. நம் ஆட்களுக்கு அது சரியாகப் புரட்டாசியில் விழுகிறது. விரதம், கோயில், வீட்டில் படையல் என்று அம்மாமார்களுக்குக் கை ஓயாத மாதம். அதனால் ஆகஸ்டிலேயே படிவத்தை முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, ஜூலை விடுமுறையிலிருந்தே மேசை போட்டோம். மருத்துவம் போன்ற படிப்புகளுக்குத் தேதி இன்னும் முன்னால். ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ், கேப் டவுன் பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே மருத்துவம் கேட்டவர்கள் என்.பி.டி. என்கிற தேசியத் தகுதித் தேர்வையும் எழுத வேண்டியிருந்தது. மொழியும் எண்ணறிவும் ஒரு தாள், கணிதம் இன்னொரு தாள். இதற்குப் பள்ளியில் யாரும் தனியாகத் தயார் செய்வதில்லை. முந்தைய ஆண்டு எழுதிய இரண்டு பிள்ளைகள் ஞாயிறு மாலைகளில் வந்து கேள்விகள் எப்படி இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

மேசையில் எங்களுக்கு அதிகம் வாய் வலித்தது ஒரே விஷயத்துக்குத்தான். இடம் கேட்பதும் பணம் கேட்பதும் தனித்தனி விண்ணப்பங்கள். சி.ஏ.ஓ. படிவம் நிரப்பினால் நிதியுதவி தானாக வராது. நிதியுதவி கிடைத்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தால் இடம் கிடைத்துவிட்டது என்றும் ஆகாது. ஒரு பையனுக்கு உதவித்தொகை உறுதியாகி, வீட்டில் கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். அவன் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்திருக்கவில்லை என்பது மேசைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. நல்லவேளையாக அது செப்டம்பர் கடைசி வாரம். அன்று மாலையே படிவத்தை அனுப்பினோம்.

தேசிய மாணவர் நிதியுதவித் திட்டத்தை எல்லாரும் என்ஸ்ஃபாஸ் என்றுதான் சொல்கிறோம். 1999-ல் இயற்றிய சட்டப்படி அமைந்தது. முன்பெல்லாம் அது கடன். வேலைக்குப் போய்த் திருப்பிக் கட்ட வேண்டும். 2015-ல் மாணவர்கள் கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள், 2017 டிசம்பரில் அரசு இலவச உயர்கல்வி என்று அறிவித்தது, 2018 முதல் அது உதவித்தொகையாக மாறியது. குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம் 350,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும், மாற்றுத்திறனாளி மாணவராக இருந்தால் 600,000 வரை. சாசா என்கிற அரசு சமூகநல அமைப்பின் உதவித்தொகை வாங்கும் மாணவர்களுக்கு வருமானச் சோதனையே கிடையாது. அரசுப் பல்கலைக்கழகங்கள் 26, அரசுத் தொழிற்கல்லூரிகள் 50, இவற்றுக்கு மட்டும்தான் இந்தப் பணம். தனியார் கல்லூரிக்குக் கிடையாது.

கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடைத்தொகுதிகளில் பலூன் கட்டி மேசை போட்டு, அன்றே சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் தனியார் கல்லூரிகள் ஜனவரியில் முளைக்கும். அவற்றில் ஒன்றில் நம் உறுப்பினர் ஒருவர் மகளைச் சேர்த்து, முதல் தவணையும் கட்டிவிட்டார். என்ஸ்ஃபாஸ் அங்கே செல்லாது என்பது பிறகுதான் தெரிந்தது. தனியார் கல்லூரி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுவதற்கு முன், அது உயர்கல்வித் துறையில் பதிவானதா, நீங்கள் கேட்கும் படிப்பும் அந்தப் பதிவில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். துறையின் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

2025-ம் ஆண்டுக்கான என்ஸ்ஃபாஸ் விண்ணப்பம் செப்டம்பர் 20 அன்று திறந்து டிசம்பர் 15 வரை இருந்தது. படிவம் ஒன்றும் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் கைபேசி எண்ணில்தான். ரகசிய எண் பழைய சிம்முக்குப் போய்விடும், அந்த சிம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அம்மாவின் எண்ணை அண்ணனுக்கும் போட்டு தம்பிக்கும் போட்டிருப்பார்கள். இதைவிட மோசம், படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு வாங்கும் ஒரு கடையில் கடைக்காரர் தன் மின்னஞ்சலையே போட்டுவிட்டிருந்தார். கல்லூரி அனுப்பிய கடிதம் அவருடைய பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. இதற்காகவே மேசையில் ஒரு விதி வைத்தோம்: பிள்ளை தன் பெயரில் சிம் வாங்கி, தன் பெயரில் மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்த பிறகுதான் படிவத்தைத் தொடுவோம். பெரியவர்கள் சிலருக்கு இது அளவுக்கு மீறிய கண்டிப்பாகப் பட்டது. பட்டால் பரவாயில்லை.

அடுத்த தலைவலி அப்பா. படிவம் இரு பெற்றோரின் விவரமும் கேட்கிறது. அப்பா எங்கே என்று தெரியாத வீடுகள் நம்மிடம் இருக்கின்றன, பாட்டி வளர்க்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதை நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டே விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. சத்தியப் பிரமாண வாக்குமூலம் ஒன்றைக் காவல் நிலையத்தில் காசில்லாமல் எழுதி வாங்கலாம். அடையாள அட்டை நகலுக்குச் சான்றொப்பமும் அங்கேயே இலவசம். இந்த மாதிரி வீடுகளுக்குச் செயற்குழுவின் பெண் உறுப்பினர்கள் இருவர் நேரிலேயே போய்ப் பேசினார்கள். மேசை முழுவதிலும் எனக்குப் பிடித்த வேலை அதுதான்.

350,000-க்குக் கொஞ்சம் மேலே சம்பாதிக்கிற வீடுகள்தான் இன்று மிகவும் தவிக்கின்றன. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா கடையில் காசாளர், இரண்டு சம்பளத்தையும் கூட்டினால் வரம்பைத் தாண்டிவிடுகிறது. வங்கிக் கடன் கேட்டால் அதற்கு வருமானம் போதாது என்கிறார்கள். 350,000-க்கும் 600,000-க்கும் நடுவில் இருப்பவர்களுக்காக 2024 ஜனவரியில் அரசு 3.8 பில்லியன் ரேண்டு கடன் நிதியை அறிவித்தது. அது கடன்தான், உதவித்தொகை என்று எண்ணிவிட வேண்டாம். இந்த நடுப்பிரிவுக்கென்றே இசாஃப் என்கிற உதவித் திட்டமும் இருக்கிறது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள படிப்புகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு ஃபூன்சா லூஷாகா. எத்தனை ஆண்டு பணம் வாங்குகிறோமோ அத்தனை ஆண்டு அரசுப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும், அவர்கள் சொல்லும் ஊருக்குப் போகவும் தயாராக இருக்க வேண்டும். நம் பெண் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தால் நல்ல உதவி கை நழுவுகிறது என்பது என் எண்ணம்.

என்ஸ்ஃபாஸைப் பற்றிக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. 2018-லும் 2024 ஏப்ரலிலும் அரசே அதன்மேல் நிர்வாகியை நியமிக்க வேண்டியிருந்தது. பணம் தாமதமாக வரும், வீட்டுக்காரர் வாடகை கேட்டுக் கதவைத் தட்டுவார். எனவே பிப்ரவரி, மார்ச்சுக்கு மட்டும் பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் வீட்டில் ஒதுக்கி வையுங்கள் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொன்னோம். முடியாதவர்களுக்குச் சங்கம் சிறு கைமாற்று கொடுத்தது. திருப்பித் தந்தவர்கள் அதிகம், தராதவர்கள் யார் என்று பொருளாளருக்குத் தெரியும்.

இப்போது 2025 ஜனவரி முடிவுகள். நாடு முழுவதும் தேர்ச்சி 87.3 சதவீதம். பட்டப்படிப்புக்குத் தகுதியான பேச்சலர் தேர்ச்சி பெற்றவர்கள் மட்டும் 337,000-க்கும் மேல். அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு இடங்கள் சுமார் 2 லட்சம்தான். மிச்சமுள்ள பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல்மொழிப் பாடத்தில் (ஹோம் லாங்குவேஜ்) 40, வேறு நான்கு பாடங்களில் 50 வாங்கிவிட்டால் பேச்சலர் தேர்ச்சி வந்துவிடுகிறது, அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் பார்ப்பது ஏ.பி.எஸ். என்கிற சேர்க்கைப் புள்ளியை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஏழு வரை புள்ளி, எண்பதும் அதற்கு மேலும் வாங்கினால் ஏழு, ஐம்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை நான்கு. ஐம்பது ஐம்பதாக வாங்கின பிள்ளை பொறியியல் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

அதிலும் கணிதம் தனிக்கதை. பத்தாம் வகுப்புக்குப் போகும்போதே கணிதமா, அன்றாடக் கணக்குகளை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடமான கணித எழுத்தறிவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எழுத்தறிவில் எண்பது வாங்கலாம், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பொறியியல், மருத்துவம், கணக்கியல் மூன்றும் அங்கேயே மூடிவிடுகின்றன. மேசைக்கு வந்த கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, கணினி அறிவியல் ஆசை. அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த முடிவு மூன்று வருஷத்துக்கு முன்பே, பதினைந்து நிமிடப் பெற்றோர் கூட்டத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரைத்தான் முதலில் கூப்பிடப் போகிறோம்.

தொழிற்கல்லூரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்வேலை, வெல்டிங், குளிர்சாதனப் பழுது என்றால் முகம் சுளிக்கிறோம். ஆஷர்வில்லிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் வளாகம் இருக்கிற தெக்வினி தொழிற்கல்லூரி நமக்குப் பக்கம்தான், என்ஸ்ஃபாஸும் செல்லும். 1890-ல் ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தான் பெயரில் 1946-ல் டர்பனில் ஒரு கல்லூரி எழுந்தது. வேறு இடத்தில் சேர்த்துக்கொள்ளாத இந்தியப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அது. 2002-ல் இன்னொரு கல்லூரியோடு இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. நம் தாத்தாக்களில் எத்தனை பேர் அங்கே மாலை வகுப்பில் கருவி பிடித்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

மேசைக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஓர் இடம் கிடைத்திருக்கிறது. கிடைக்காத சிலரை உயர்கல்வித் துறையின் மையத் தீர்வகத்தில் பதிவு செய்திருக்கிறோம். ஜனவரியில் காலியாகும் இடங்களை அங்கே பார்க்கலாம். மதிப்பெண் போதாத இருவர் மே, ஜூனில் மறுதேர்வு எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

பேரவை முன் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். மேசைக்கென்று ஓர் அச்சு இயந்திரமும் மாதாந்திர இணைய இணைப்பும் வாங்க ஒப்புதல் வேண்டும். இதுவரை என் மருமகன் வீட்டு இணைப்பில்தான் ஓட்டினோம், அவர் இன்னும் எத்தனை நாள் பொறுப்பார் என்று தெரியவில்லை. இரண்டாவது, புரட்டாசி நிதியில் ஒரு பகுதியை சி.ஏ.ஓ. விண்ணப்பக் கட்டணத்துக்கு ஒதுக்க வேண்டும். கோயில் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்று செயற்குழுவிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. எடுக்கலாம் என்பது என் கட்சி. எதிர்க்கிறவர்களும் எழுந்து பேசட்டும், அப்புறம் கை தூக்கி முடிவு செய்வோம்.

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் ஏப்ரலில், சித்திரைப் பிறப்புக்கு அடுத்த சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு இதே மண்டபத்தில். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், கடைசி மதிப்பெண் அட்டையையும் எடுத்து வாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தரும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்