ஜீப் புறப்பட்ட பிறகு திறக்கும் தடுப்பூசி அறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பம், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஜீப்புகள் விடியற்காலையிலேயே கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகளில் மலையேறிவிடுகின்றன. துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி போடத் தொடங்குவது அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான். அந்தப் பெண்கள் வீடு திரும்பும்போது அறை பூட்டியிருக்கும். கிராம சுகாதார செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள் நான். இப்பகுதியில் எந்த வீட்டுக் குழந்தைக்கு ஊசி விடுபடுகிறது என்பதைப் பெரும்பாலும் இந்த நேரக் கணக்கே முடிவு செய்கிறது என்பதை அனுபவத்தில் கண்டதால் எழுதுகிறேன்.

அரசு இலவசமாகப் போடும் ஊசியைப் போட்டுக்கொள்ள என்ன தடை என்று கேட்பவர்கள் உண்டு. பிறந்தவுடன் போட வேண்டியவை மருத்துவமனையிலேயே முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு 6, 10, 14ஆம் வாரங்களிலும், 9ஆம் மாதம் முடிந்ததும், 16 மாதத்திற்குப் பிறகும் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போட்ட பிறகு பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது இயல்பு. ஆனால் காய்ச்சலில் அழும் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு எந்தத் தாயும் மறுநாள் ஜீப் ஏற மாட்டாள். மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஒரு விடுப்புக் கடிதத்தோடு முடிந்துவிடும் இந்தக் காரியம், ஏலக்காய் எடுக்கும் பருவத்தில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த வார வரவில் மூன்றில் ஒரு பங்கைப் பறித்துவிடுகிறது. இரண்டு நாள் வராதவளின் இடத்தில் வேறு ஆளை ஏற்றிக்கொள்வார்களோ என்ற அச்சமும் அவளுக்கு உண்டு.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள் 2015-16இல் 69.7 விழுக்காடாக இருந்து 2019-21இல் 89.2 விழுக்காடாக உயர்ந்தனர். இது பெருமைப்பட வேண்டிய உயர்வு. கேரளத்திலோ இதே காலத்தில் 82.1இலிருந்து 77.8ஆகக் குறைந்தது. ஆனால் விடுபட்ட குழந்தைகள் எல்லாத் தெருக்களிலும் சரிசமமாகச் சிதறியிருப்பதில்லை. 2015-16 ஆய்விலேயே நாடு முழுவதும் மிக வறிய குடும்பங்களில் 53 விழுக்காடும், மிக வசதியான குடும்பங்களில் 70 விழுக்காடும் என்ற இடைவெளி இருந்தது. நான் வீடு வீடாகத் தேடிப்போன குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் ஜீப்பில் போகிறவர்களின் பிள்ளைகள். அல்லது மலையிலேயே லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள். தட்டம்மை பரவாமல் இருக்க 95 விழுக்காட்டினராவது இரண்டு தவணையும் பெற்றிருக்க வேண்டும். ஒரே லயத்தில் பத்துக் குழந்தைகள் ஊசியின்றி இருந்தால், மாநிலச் சராசரி எவ்வளவு உயர்ந்தாலும் அந்த லயத்துக்கு அது காவலாகாது.

என் துறையின் பிழையையும் சொல்லியாக வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா குப்பி ஒன்றில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. ஆனால் மருந்து வீணாவதற்குக் கணக்குச் சொல்ல அஞ்சி, "அடுத்த புதன்கிழமை வாம்மா, இன்னும் நாலு பிள்ளைகள் வரட்டும்" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தது. நானும் அனுப்பியிருக்கிறேன். கூலியை விட்டுவிட்டு வந்து ஊசி போடாமலே திரும்பிய தாய் அடுத்த புதன்கிழமை வரவில்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு நியாயம் கிடையாது.

எல்லை இந்தச் சிக்கலை இன்னும் கடினமாக்குகிறது. பிரசவம் தேனி மாவட்டத்தில் நடக்கிறது. மூன்றாம் மாதத்தில் குடும்பம் வண்டன்மேடு அல்லது நெடுங்கண்டம் பக்கத்து லயத்துக்குப் போய்விடுகிறது. இங்குள்ள பதிவேட்டில் "ஊரில் இல்லை" என்று எழுதுகிறோம்; அங்குள்ள ஆஷா என்னும் ஊர் சுகாதாரப் பணியாளரின் பட்டியலில் அந்தக் குழந்தையின் பெயர் ஏறுவதே இல்லை. மலையாளம் வாசிக்கத் தெரியாத தாய் அங்கே யாரிடம் போய்க் கேட்பாள்? இப்போது அதே லயங்களில் ஜார்கண்ட், அசாம் மாநிலக் குடும்பங்களும் தங்கியிருக்கின்றன. அவர்கள் நிலை இன்னும் கடினம்.

காய் எடுக்கும் பருவம் முடியும் வரையிலாவது, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பத்திலும் போடியிலும், வேலை நாள்களில் மாலையில் ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்திலும் தடுப்பூசி முகாம் நடத்த வேண்டும். தேனி, இடுக்கி மாவட்டச் சுகாதாரத் துறைகள் விடுபட்ட குழந்தைகளின் பட்டியலை மாதந்தோறும் பரிமாறிக்கொள்ள வேண்டும். எந்த ஊரில் போட்டாலும் பதிவாகும்படி யு-வின் இணையதளம் வந்துவிட்ட பிறகு இது இயலாத காரியமல்ல. ஊசி போடும் நாளுக்கும் அதற்கு மறுநாளுக்கும் தாய்க்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று தோட்ட உரிமையாளர்களிடம் இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் பேச வேண்டும். ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறக்கும் செவிலியரிடம் விளக்கம் கேட்கப்பட மாட்டாது என்பதை எழுத்திலேயே தெரிவித்துவிட்டால், முகாமுக்கு வரும் எந்தத் தாயும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கம்பம், தேனி மாவட்டம்.