“இன்னும் பக்குவம் வரவேண்டும்”: அதை எழுத்தில் தாருங்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழுவினருக்கும் பதவி உயர்வுத் தேர்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்ற வாரம் வெளியான பதவி உயர்வுச் சுற்றறிக்கையின் பின்னணியை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதைத் தயாரித்தவர்களே நீங்கள். பட்டியலில் உள்ள ஏழு பேரும் ஆண்கள் என்பதையும், பரிசீலனையில் இருந்த மூன்று பெண்களில் இருவர் அந்த ஏழு பேரில் நால்வரைவிடப் பணியில் மூத்தவர்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த இருவரில் ஒருத்தி நான். காரணம் அறிய நேரம் கேட்டு மூன்று நாள் காத்திருந்த பிறகு எனக்குக் கிடைத்த சந்திப்பு, உட்காரக்கூட அவசியமில்லாமல், நான்கு நிமிடத்தில் முடிந்தது. “உங்கள் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் பக்குவம் வரவேண்டும், அவ்வளவுதான்” என்றார் குழு உறுப்பினர் ஒருவர். அதை எழுத்தில் தர இயலுமா என்று கேட்டேன். “இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா, மேடம்?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்த மடல். ஏனென்றால், இந்த நிறுவனத்தில் யார் எதைச் சொன்னாலும் அதை எழுதிக்கொண்டிருப்பதுதான் 11 ஆண்டுகளாக என் வேலையாக இருந்து வந்திருக்கிறது.

மேலாளராக நான் கலந்துகொண்ட முதல் மாதாந்திரக் கூட்டத்திலேயே, கூட்டக் குறிப்பு எழுதும் நோட்டு மேசை மீது சறுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. “உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும்” என்று அதைத் தள்ளிவிட்டவர் சொன்னார். என் கையெழுத்தை அதுவரை அந்த அறையில் எவரும் பார்த்திருக்கவில்லை. ஒரு மாதத்துக்குத்தானே என்று எழுதினேன். பிறகு கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, நோட்டு தானாகவே என் இருக்கைக்கு முன்னால் வைக்கப்பட்டிருந்தது. நான் விடுப்பில் இருந்த மாதங்களில், என்னைவிட நான்கு நிலை இளைய பெண் ஊழியர் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்களே தவிர, அறைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒன்பது ஆண்களில் ஒருவர் கையிலும் பேனா ஏறவில்லை.

குறிப்பு எழுதுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுதுகிறவரால் வாதாட முடியாது என்பதை, ஒருமுறையாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒருவர் சொன்னதை எழுதி முடித்து நிமிர்வதற்குள் பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. கூட்டம் கலைந்ததும் மற்றவர்கள் வாசலில் நின்று உண்மையான முடிவுகளைப் பேசிக்கொண்டிருக்க, நான் உள்ளே இருந்து படியைச் சரிபார்த்து அனுப்பிக்கொண்டிருப்பேன். மாதம் ஒரு மாலை அதிலேயே போகும். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

சுற்றறிக்கை வந்த அன்றிரவு அந்தப் பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. வாடிக்கையாளர் புகார்களைத் துறை துறையாகப் பிரித்து வைக்காமல் ஒரே பதிவேட்டில் கொண்டுவந்தால் ஒரே புகாருக்கு மூன்று பேர் பதில் எழுதும் கூத்து நிற்கும் என்று அன்றைய கூட்டத்தில் நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கால் மணி நேரம் கழித்து அதையே சக மேலாளர் ஒருவர் சொன்னபோது “அருமையான யோசனை” என்று தலைவர் மேசையைத் தட்டினார். நோட்டில் இருப்பது இரண்டாவது நிகழ்வு மட்டும்தான். அவர் பெயரைப் போட்டு, எதிரே யோசனையை எழுதி, முக்கியம் என்பதற்காக அடிக்கோடும் இட்டிருக்கிறேன், என் கையாலேயே. தலைவர் மேசையைத் தட்டினால் அடிக்கோடு இடுவது என் பழக்கம். சென்ற வாரச் சுற்றறிக்கையில் அந்த நண்பரின் சாதனைகளில் முதலாவதாக அந்தப் பதிவேடுதான் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அவர் மீது எனக்கு வருத்தமில்லை. நான் சொன்னது அவர் காதில் விழாமலே இருந்திருக்கலாம். ஆனால் அதற்குச் சாட்சியமாக நிற்பது என் கையெழுத்து என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் இயல்பிலேயே பொறுப்பானவர்கள், தாங்களாகவே இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள் என்று நீங்கள் கருதலாம். லிண்டா பாப்காக், லிஸ் வெஸ்டர்லண்ட் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. யாராவது செய்தாக வேண்டிய, ஆனால் செய்தவருக்குப் பலன் குறைவான ஒரு வேலையைச் சிறு குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். செய்யச் சொல்லிக் கேட்கப்பட்டவர்களும் அவர்களே அதிகம். ஆண்கள் மட்டுமே இருந்த குழுவிலோ, பெண்கள் மட்டுமே இருந்த குழுவில் நடந்த அதே அளவுக்கு வேலை நடந்தது. ஆகவே இது இயல்பு அல்ல, எதிர்பார்ப்பு. அறையில் ஒரு பெண் இருக்கும்வரைதான் ஆண்களின் கை மேசைக்கடியில் இருக்கிறது.

இனி, பக்குவம். என் மதிப்பீட்டுப் படிவங்களில் ஓராண்டு “கடுமையாகப் பேசுகிறார், தவிர்க்க வேண்டும்” என்று எழுதப்பட்டது. தவிர்த்தேன். மறு ஆண்டு “கருத்தை வலியுறுத்தத் தயங்குகிறார்” என்று எழுதப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும் அந்த மெல்லிய கோடுதான் பக்குவம் என்றால், அதன் மீது நடந்து காட்டியவர் எவரேனும் பட்டியலில் உள்ள ஏழு பேரில் இருக்கிறாரா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். அவர்களில் ஒருவர் கூட்டத்தில் கோப்பு ஒன்றை வீசியதை நான் குறிப்பில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் 1982-இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஆன் ஹாப்கின்ஸ் ஒருவர்தான் பெண். அவருடைய பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. நடையிலும் பேச்சிலும் உடையிலும் இன்னும் பெண்மை வேண்டும், ஒப்பனை செய்துகொள்ள வேண்டும், நகை அணிய வேண்டும் என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டது. ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற அச்சை வைத்து அளப்பதும் பாகுபாடே என்று 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டு, அவரைப் பங்குதாரராக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. இவ்வழக்கில் என் கவனத்தை ஈர்த்தது தீர்ப்பு மட்டும் அல்ல. மற்ற பங்குதாரர்கள் அவரைப் பற்றிய கருத்துகளைப் படிவத்தில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியிருந்ததால்தான் நீதிபதிகளால் அவற்றைப் படிக்க முடிந்தது. நம் குழு எதையும் எழுதி வைப்பதில்லை என்பதில் எவ்வளவு முன்யோசனை இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

இது என் ஒருத்தியின் கதையும் அல்ல. பரிசீலனையில் இருந்த மூன்றாமவர் மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது, அவருடைய பொறுப்பில் இருந்த வெளியூர்ப் பணி வேறொருவருக்குப் போயிருந்தது. “குழந்தையை விட்டுவிட்டு அலைய வேண்டாமே என்றுதான்” என்றார்கள். அலைய முடியுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதே மாதம் தந்தையான அதிகாரி ஒருவருக்கு, குடும்பப் பொறுப்பு கூடியிருக்கிறது என்று ஊதிய உயர்வு கொடுக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நிர்வாகக் கூட்டம் நடக்கும் தளத்தில் இன்றும் பெண்களுக்குக் கழிவறை இல்லை. இரண்டு தளம் இறங்கிப் போய் வருவதற்குள் ஒரு தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. மகளிர் நாளன்று மட்டும் அதே தளத்தில் எங்களை வரிசையாக நிறுத்திப் பூங்கொத்து கொடுத்துப் படம் எடுக்கிறீர்கள். பூங்கொத்துக்கு ஆகும் செலவில் ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் வாங்கலாம்.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

கேட்பது இதுதான். பதவி உயர்வுக்கான அளவுகோல்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பு என்பதைப் பரிசீலனை தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் வெளியிடுங்கள். பரிசீலிக்கப்பட்டுத் தேர்வாகாத ஒவ்வொருவருக்கும், ஆணோ பெண்ணோ, காரணத்தை எழுத்தில் தந்து, எழுதியவர்கள் அதில் கையெழுத்திடுங்கள். பதவி கொடுத்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுதப்பட்ட காரணம் நியாயமானதாக இருந்தால் அதை ஏற்று, என்னைத் திருத்திக்கொள்ளத் தயாராகவே இருக்கிறேன். காற்றில் சொன்ன காரணத்தை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற பதில் வரக்கூடும். ஐஸ்லாந்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள், சமமான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான ஊதியம் தருகிறோம் என்பதைத் தாங்களே நிரூபித்துச் சான்று பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஒரு நாடு தன் நிறுவனங்களின் ஊதியப் பட்டியல் முழுவதற்கும் கணக்குக் கேட்க முடிந்தபோது, தேர்வாகாத சிலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதுவது உங்களுக்கு முடியாத காரியமாகாது. எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள். 11 ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

எனக்குரிய காரணத்தை 30 நாட்களுக்குள் எழுத்து வடிவில் அனுப்பி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்கு வழக்கம்போல் வருவேன். கூட்டக் குறிப்பு நோட்டை அலுவலகச் செயலாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டேன்; அன்று அது யார் இருக்கைக்கு முன்னால் வைக்கப்பட வேண்டும் என்பதையும் குழு முடிவு செய்து தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பரிசீலிக்கப்பட்ட மூன்று பெண்களில் ஒருத்தி