அண்ணா நகரில் யாருடைய வருமானம் கூடியது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னை அண்ணா நகர் பணக்காரப் பேட்டையாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே இருந்தவர்கள் பணக்காரர் ஆனார்களா, பணக்காரர்கள் அங்கே குடிவந்தார்களா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தபோது அந்த இடம் நகரத்தின் ஓரம். வீட்டுவசதி வாரியம் குறைந்த (எல்.ஐ.ஜி.), நடுத்தர (எம்.ஐ.ஜி.), உயர் (எச்.ஐ.ஜி.) என மூன்று வருவாய்ப் பிரிவினருக்கும் அங்கே இடம் ஒதுக்கியது. குமாஸ்தாவும் மேலதிகாரியும் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தது அதனால்தான். இன்று பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டுவதில் அந்தக் கலப்பு கரைகிறது. 2019 கட்டட விதிகளில் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5-இலிருந்து 2 ஆனதும் இடிப்பது இன்னும் லாபமாகிவிட்டது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. அதில் மாதம் 50,000 ரூபாய் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தம்பதி. எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 9,600 சதுர அடி, சுமார் 1,200 வீதம் எட்டு ஃபிளாட். தம்பதிக்கு ஒன்று, மற்ற ஏழில் மாதம் 3 லட்சம் சம்பாதிக்கும் குடும்பங்கள் வருகின்றன. அந்த மனையின் சராசரி மாத வருமானம் 50,000-இலிருந்து 2,68,750 ஆகிறது. பெரியவரின் ஓய்வூதியத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கீழே தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்தில், ஒரு மின் மீட்டர் இருந்த இடத்தில் எட்டு மின் மீட்டர், ஒரு கார் நின்ற இடத்தில் பத்து கார். பராமரிப்புக் கட்டணம் மட்டும் அவருக்கும் அவர்களுக்கும் ஒரே விகிதம்.

வரியும் இப்படித்தான். 2022 சொத்துவரி உயர்வில் சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடி வரையான குடியிருப்புக்கு 50 சதவீதம், 1,800-க்கு மேல் 150 சதவீதம் என்று வைத்தார்கள். சதுர அடியைப் பார்த்தார்கள், வருமானத்தைப் பார்க்கவில்லை. பெரிய பழைய வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டிக்குத்தான் பெரிய அடி.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்பதில்லை. வயது என்ன, சொந்த வீடா வாடகையா, எத்தனை அறை, கார் உண்டா, இணையம் உண்டா என்றுதான் கேட்கும். மாதிரிக் கணக்கெடுப்புகளில் விசாரிக்கப்படும் குடும்பங்களின் எண்ணிக்கையோ ஒரு வார்டைப் பற்றிப் பேசப் போதாது. ஆகவே வயதும் வீட்டுரிமையும்தான் நம் கையில் உள்ள தடயம். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வார்டு வாரியாக வெளியான முதன்மைத் தொகுப்பில் வயது என்றால் ஆறு வரையுள்ள குழந்தைகள் மட்டுமே. 60 தாண்டியவர்கள் எத்தனை பேர் என்ற கட்டமே இல்லை.

2027 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கையை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். தனியாக வாழும் முதியோர், வாடகைக் குடும்பங்கள், பூட்டிய வீடுகள் ஆகியவற்றையும் சேர்த்துத் தர வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. கணக்கெடுக்க வருபவரை வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பினால், ஆள் இருக்கும் ஃபிளாட்டும் பூட்டியதாகப் பதிவாகிவிடும். எந்த ஃபிளாட்டில் ஆள் உண்டு, எது பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, உடன் ஓர் ஆளை அனுப்புங்கள். வீட்டோடு தங்கி அதே அடுப்பில் சாப்பிடும் பணிப்பெண்ணும் அந்தக் குடும்பத்தின் கணக்கில்தான் வருவார். அவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை - 40