ஏரிக்கரைத் தூண்டில் வகுப்பு: 2024-25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஏரிக்கரையில் மீன் பிடித்தபடியே பள்ளிப் பாடம் படிக்கும் சிறுவர் தூண்டில் வகுப்பில் என்ன கற்றுக்கொடுத்தோம், எது சரிப்பட்டது என்பதை மட்டும் இங்கே வைக்கிறேன்.

முதலில் நம் முறை. ஒரு நாளைக்கு ஒரு பாடம், ஒரு கேள்வி, அவ்வளவுதான். அறிவியல், கணக்கு, தமிழ் என எல்லாவற்றையும் ஒரே காலையில் திணித்தால் பிள்ளைகள் மீனையும் பிடிப்பதில்லை, பாடத்தையும் பிடிப்பதில்லை. மீன் கடிக்காத நேரம்தான் வகுப்பு நடக்கும் நேரம். தக்கை அசைந்துவிட்டால் ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஒரு பிள்ளைக்குத் தேவையான சாமான்: சுமார் 3 மீட்டர் மூங்கில் கோல், அதே நீளத்துக்கு 0.25 மி.மீ. தடிமனுள்ள தூண்டில் நரம்பு, 10 அல்லது 12ஆம் எண் முள், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, சிறு ஈயக்குண்டு, மண்புழு. எண் கூடக் கூட முள் சிறிதாகும். கடையில் பெரிய முள்ளைக் காட்டினால் மயங்க வேண்டாம். ஜிலேபி மீனுக்கு வாய் சிறிது. பெரிய முள்ளில் புழுவை மட்டும் கொறித்துவிட்டுப் போய்விடும். முள்முனைக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கித் தட்டையாக்கிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். விரலில் குத்தினாலும் எளிதாகக் கழன்றுவரும். ஈயக்குண்டைப் பல்லால் கடித்து இறுக்கவே கூடாது; அது நஞ்சு. முடிச்சுக்கு நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, 5 சுற்றுச் சுற்றி, காதை ஒட்டிய வளையத்துக்குள் விட்டு, தண்ணீரில் நனைத்த பிறகே இழுக்க வேண்டும். காய்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலமிழந்து, மீன் மாட்டும்போது அந்த இடத்திலேயே அறுந்துபோகும்.

தக்கைதான் மிதப்பு விதிக்கு நல்ல வாத்தியார். ஈயம் போதாவிட்டால் தக்கை படுத்துக்கொள்ளும், சிறு கடி தெரியாது. கூடிப்போனால் மூழ்கிவிடும். விரற்கடை அளவு மட்டும் மேலே நிற்கும்வரை பிள்ளையே ஈயத்தைக் கூட்டிக் குறைக்கட்டும். நாம் சரிசெய்து கொடுத்தால் பாடம் போய்விடும்.

கணக்கில் அதிகம் பலன் தந்தது ஆழம் பார்த்தல். கனமான ஈயம் கட்டி இறக்க வேண்டும். தக்கை மறைந்தால் ஆழம் அதிகம். நரம்பில் தக்கையை மேலே நகர்த்தி, தலை தெரிந்ததும் ஈயத்துக்கும் தக்கைக்கும் உள்ள நீளத்தை அளக்கலாம். கரையோரமாக 2 மீட்டருக்கு ஓரிடம் அளந்து வரைபடத் தாளில் குறித்தால் ஏரியின் அடிப்பக்கம் தெரிந்துவிடும். மதகடியில் பள்ளம் விழுவதைப் பிள்ளைகளே காட்டுகிறார்கள். காற்றில் நரம்பு சாய்ந்தால் அளவு கூடிவிடும். நரம்பு 130 செ.மீ., தக்கை ஒதுங்கியது 50 செ.மீ. என்றால் உண்மையான ஆழம் 120 செ.மீ. பிதாகரசுக்கு இதைவிட நல்ல கணக்கு எதற்கு?

எடைக் கணக்கும் உண்டு. 10 செ.மீ. ஜிலேபி சுமார் 20 கிராம் என்றால் 20 செ.மீ. மீன் 40 கிராம் என்றே எல்லாரும் சொல்வார்கள். தராசு 160 கிராமை ஒட்டிக் காட்டும். நீளம் இரட்டித்தால் அகலமும் பருமனும் கூடவே இரட்டிப்பதால் எடை எட்டு மடங்கு. மீனை ஈரக் கையால் மட்டுமே தொட வேண்டும், இல்லையேல் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து நோய் பற்றும்.

கால் கிலோ மீனைக் கோலை நீட்டிப் பிடித்துத் தூக்கினால், அடியிலிருந்து 30 செ.மீ. தள்ளியிருக்கும் முன் கைக்கு இரண்டரைக் கிலோ பாரம் விழும். ஊன்றும் இடத்துக்கும் பாரத்துக்கும் நடுவே விசை கொடுக்கும் மூன்றாம் வகை நெம்புகோல் மணிக்கட்டில் புரியும். ஆகவே கோலை நிமிர்த்தி, மீனைக் கரையோரம் இழுத்துக் கைவலையில் அள்ளச் சொல்கிறோம்.

உயிரியலில், மேலே வரும் மீனெல்லாம் மூச்சுக்குத் திணறுகிறதா என்ற குழப்பம் திரும்பத் திரும்ப வந்தது. விடியற்காலையில் கட்லா வாய் பிளந்து மேலே வந்தால் நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். பாசி இரவெல்லாம் சுவாசித்துத் தீர்த்திருக்கும். அப்போது இரை போட்டுப் பயனில்லை. ஆனால் விரால் நல்ல நீரிலும் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். அது அதன் இயல்பு. கட்லாவுக்கு மேல்நோக்கிய வாய், மிர்காலுக்குக் கீழ்நோக்கிய வாய். வாயைப் பார்த்தே எந்த ஆழத்தில் மேயும் என்று சொல்லப் பழக்கியாயிற்று.

தமிழுக்கு, தூண்டில் பொன்னை மீன் விழுங்குவதைச் சொல்லும் சூது அதிகாரத்தின் முதல் குறள், வரலாற்றுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921இல் வெட்டப்பட்ட அவற்றில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் பேசப்படுகிறது. ஏரியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி நம் ஊருக்கும் உண்டே.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். ஏரி மீனைப் பிடிக்கும் உரிமைக்கான மீன் பாசி ஏலம் முடிந்தவுடன் புதிய குத்தகைதாரரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஏரியில் விட்ட மீன் குஞ்சுகள் அவர் போட்ட முதல். ஒரு கிலோ வரை நிறுக்கும் சுருள்வில் தராசும், நீர் வெப்பமானியும் தேவை. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியும் நாட்களில் வகுப்பு கிடையாது என்பதைத் தீர்மானமாகவே நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்