கண்மாய்க்கு வருகிற தண்ணீர்

கள்ளிக்குடி,
15-12-2024

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரன் குப்புற விழுந்துவிட்டான் என்று படித்ததும் எனக்கே பேரன் பிறந்த மாதிரி இருந்தது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தாதே, டாக்டரைப் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் மின்வாரியத்தில் இருந்தவள் நீ, இதை உன்னிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் ஊருக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருக்கிற கரிசல் காட்டில் சோலார் போட ஒரு கம்பெனி வந்திருக்கிறது. இருநூறு ஏக்கர். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் பிடிக்கும் என்று நீ முன்பு சொன்ன கணக்குப்படி பார்த்தால் நாற்பது மெகாவாட்டுக்குக் குறையாது. நடுவில் ஓடுகிற ஓடையைத் தவிர எல்லாம் பட்டா நிலம். பாதிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், ஃபோனிலேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். அதில் எங்கள் மூன்று ஏக்கரும் உண்டு. தம்பி கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறான். இதை மறைத்துவிட்டு உன்னிடம் யோசனை கேட்கக் கூடாது.

27-ம் தேதி ஒன்றியக் கூட்டத்தில் இது வருகிறது. ஜனவரி 5-ம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிகிறது. கவுன்சிலர் என்ற முறையில் நான் வாய் திறக்க இதுதான் கடைசிக் கூட்டம்.

நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை. 2012-ல் பட்ட பாடு உனக்குத் தெரியும். கிராமத்தில் பன்னிரண்டு மணி நேரம், பதினான்கு மணி நேரம் கரண்ட் இருக்காது. எங்கள் மாவு மில் வாசலில் தூக்குச் சட்டியில் அரிசியை வைத்துக்கொண்டு பெண்கள் ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்திருப்பார்கள். அரைக்கத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். கல்லுக்குள் மாட்டிய மாவை டார்ச் வெளிச்சத்தில் கையால் வழித்து எடுத்திருக்கிறேன். அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல் கொடியில் காய்கிற துணியிலெல்லாம் படிகிறது என்று நீ எழுதிய கடிதமும் மறக்கவில்லை. கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சோலார் வந்தது 2016-ல். அடுத்த வருஷம் அருப்புக்கோட்டை வழியாக பஸ்ஸில் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் நீலம். வானம் பார்த்த பூமி என்று நொந்துகொள்கிற மண்ணில் வெயிலே விளைச்சலாகிறதே என்று உடம்பு சிலிர்த்துப் போனது. அந்த எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை.

என்னை உறுத்துவது ஒரு சொல்தான். கம்பெனி கொடுத்த காகிதத்தில் அந்த இருநூறு ஏக்கரையும் ‘பயன்பாடு இல்லாத தரிசு’ என்று போட்டிருக்கிறது. கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலிலும் தரிசு என்றுதான் இருக்கிறது. அந்தத் தரிசு வழியாகத்தான் தை கழிந்ததும் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் ஆடு பத்திக்கொண்டு வருகிறார்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் நிலத்தில் எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர்கள் அவர்கள். கிடை போட்ட மண்ணில் பருத்தி நிற்கிற நிற்பே வேறு. ஊருக்குள் ஆடு வளர்க்கிறவர்களோ பெரும்பாலும் நிலமில்லாத பெண்கள். நூறு நாள் வேலைக்கு இந்த வருஷம் நாள் கூலி 319 ரூபாய் என்று இருக்கிறது, ஆனால் வேலை எல்லா நாளுமா கிடைக்கிறது? பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவும் ஆஸ்பத்திரிக்கு ஓடவும் ஒரு கிடாயைப் பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. அவர்கள் பேரில் ஒரு சென்ட் பட்டா கிடையாது. அதனால் கம்பெனி அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை, அவர்களுக்கு எதுவும் தரப்போவதும் இல்லை.

அதைவிட எனக்குத் தூக்கம் போனது ஓடையால். நேற்றுக் காலை மழை விட்டதும் கம்பெனி இன்ஜினியர் பையனை வரச்சொன்னேன். மடை திறக்கிற பெரியவரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் காட்டுக்குள் இறங்கினோம். பையன் கையில் இருந்த வரைபடத்தில் ஓடையே இல்லை. தரையிலோ சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே முழங்கால் அளவுக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் பேசவே இல்லை. ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டு அதன் கூடவே நடந்தார். வேரில் மாட்டி, சுழன்று, மறுபடி விடுபட்டு, அது நேரே கண்மாய் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. பையன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தான், காலில் கரிசல் அப்பி இன்னொரு செருப்பு மாதிரி கனத்துவிட்டது. “நாங்க பார்த்த சாட்டிலைட் படம் மே மாசத்துல எடுத்ததுங்கம்மா” என்றான். அங்கேயே நின்று வரைபடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டான். பதினொரு வரிசை பேனல் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வருகிறது. நல்ல பிள்ளை. ஆனால் முடிவு எடுக்கிறவன் அவன் இல்லையே.

அக்டோபரில் கொட்டிய மழையில் மதுரை செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை டிவியில் பார்த்திருப்பாய். அங்கே தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்தது. இங்கே ஓடையை அடைத்தால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் கிழக்குப் பக்கத்துக் கிணறு ஒன்றிலும் கோடையில் தண்ணீர் நிற்காது.

எதிர்க்கிறவர்கள் சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. பேனல் மழையை விரட்டிவிடும் என்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது என்று சொன்னால், கம்பெனிக்காரி ஆகிவிட்டாயா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக ஊர் திரண்டு, இந்த 9-ம் தேதி சட்டசபையிலும் தீர்மானம் வந்ததிலிருந்து எங்கள் இளவட்டங்களும் ‘நாமும் ஒரேயடியாக வேண்டாம் என்போம்’ என்று நிற்கிறார்கள். அந்தச் சுரங்கத்துக்குக் குறித்த அரிட்டாபட்டி விஷயத்தில் நான் முழுக்க மேலூர்க்காரர்கள் பக்கம். சமணர் கற்படுக்கையும் கல்வெட்டும் இருக்கிற இடம், 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். தோண்டிவிட்டால் போனது போனதுதான். சோலாரில் கம்பத்தைப் பிடுங்கினால் மண் அங்கேயே இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், மேலத்தெருப் பெரியப்பா. எண்பதை நெருங்குகிறார். குதிரைவாலி விதைத்தால் காட்டுப்பன்றிக்கு, மக்காச்சோளம் போட்டாலும் அதற்கே என்று ஐந்து வருஷமாக நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறார். “குத்தகைப் பணம் வந்தா மருந்து மாத்திரைக்கு ஆகும்ல, அதையும் கெடுத்துப்புடாத தாயி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

கூட்டத்தில் சோலார் வரட்டும் என்றுதான் பேசப்போகிறேன். ஆனால் ஓடையை இரண்டு கரையோடும் அப்படியே விட வேண்டும், அதன் ஓரமாக ஆடு போகப் பாதை வேண்டும், பேனல் கழுவக் கண்மாய்த் தண்ணீரைத் தொடக் கூடாது. பேனலுக்கு அடியில் ஆடுகளை விட்டுப் புல்லை மேய்க்கிற வழக்கம் வெளிநாடுகளில் இருக்கிறது. இங்கேயும் விடச் சொல்லிக் கேட்பேன். நிலத்தைக் கிரயம் செய்யாமல் குத்தகைக்கே கொடுக்கும்படி ஊர்க்காரர்களிடம் வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன், இரண்டு நாளாக அவன் பேசுவதில்லை. பட்டா நிலத்தை விற்கிறவர்களை எங்கள் தீர்மானம் தடுக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓடை புறம்போக்கு, அரசாங்கத்தின் நிலம். பிடி அங்கேதான் இருக்கிறது. சமுதாயக் கூடம் கட்டித் தருவார்களாம், எங்கள் ஆட்களில் சிலர் அதிலேயே அடங்கிவிட்டார்கள்.

எனக்கு நீ இரண்டு விஷயம் பார்த்துச் சொல். குத்தகைப் பத்திரத்தில் இருபத்தைந்து வருஷம் என்று போட்டிருக்கிறது. அது முடிந்ததும் பேனலையும் கான்கிரீட்டையும் யார் செலவில் எடுப்பது என்று ஒரு வரிகூட இல்லை. அதை எப்படி எழுதச் சொல்ல வேண்டும்? இன்னொன்று, இங்கிருந்து துணைமின் நிலையத்துக்குப் போகிற லைன் யார் யார் நிலத்தின் மேல் போகும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்க முடியுமா?

பத்திரத்தையும் வரைபடத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். சிவப்புக் கோடு அந்தப் பையன் போட்டது. 27-க்கு முன்னால் ஒரு நாள் ஃபோன் பண்ணு. எட்டு மணிக்கு மில்லைப் பூட்டிவிடுவேன்.

அன்புடன்,
முத்துலட்சுமி